புதுக்கோட்டை மாவட்டத்தின் பழஞ்சின்னங்கள்: இரண்டு நாளில் எதை, எப்போது, எந்த வரிசையில்

கேள்வியின் சுருக்கம்: திருச்சியிலிருந்து காரில் 2 நாள் பயணம், கூடவே எழுபது வயதைத் தாண்டிய அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும். சித்தன்னவாசலைத் தவிர புதுக்கோட்டை மாவட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது, எந்த வரிசையில் போவது?

சித்தன்னவாசலுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பினால் மாவட்டத்தில் கால்வாசியைக்கூடப் பார்த்ததாகாது. ஆனால் எல்லாவற்றையும் இரண்டு நாளில் அடைக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் என்ற ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். இவ்வளவு போதும்.

இங்கே வரிசையைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை. இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று அரை மணி, முக்கால் மணி தூரத்தில்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டியவை பெரும்பாலும் மொட்டைப் பாறையில் இருக்கின்றன. காலை 10 மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. பூசை நடக்கும் கோயில்களைப் பொதுவாக 12 மணியளவில் சாத்திவிட்டு 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பவை மதியத்திலும் திறந்திருக்கும், மாலையில் பூட்டிவிடுவார்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் திட்டம் தானாக அமைந்துவிடும். சாவகாசமாகக் கிளம்பி உச்சி வெயிலில் நார்த்தாமலை அடிவாரத்தில் நிற்பவர்கள்தான் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

முதல் நாள் திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். விராலிமலை தாண்டிச் சில கிலோமீட்டரில் கொடும்பாளூர் வரும். திருச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. 8 மணிவாக்கில் அங்கே இருந்தால் நல்லது. இங்குள்ள மூவர் கோயில் சமதளத்தில் இருக்கிறது, ஏறும் வேலையே இல்லை, அம்மாவுக்குச் சிரமமிருக்காது. இந்தப் பகுதியை ஆண்ட இருக்குவேள் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரு மனைவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரிலும் எடுப்பித்த மூன்று விமானங்கள் இவை. நடுவில் இருப்பதும் தெற்கே இருப்பதும் முழுமையாக நிற்கின்றன, வடக்கே உள்ளதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். நடு விமானத்துச் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. இருக்குவேளிரின் வம்சவரிசையை நமக்குச் சொல்வது அதுதான். இதன் காலத்தை 9ஆம் நூற்றாண்டு என்பவர்களும் 10ஆம் நூற்றாண்டு என்பவர்களும் இருக்கிறார்கள்.

விமானத்தை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுப் போய்விடாதீர்கள். கூரை விளிம்பாக வளைந்து நிற்கும் கபோதத்துக்குக் கீழே வரிசையாகப் பூதகணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் முகம் போல இன்னொன்று இல்லை. பிள்ளைகளை எண்ணவிட்டால் அரை மணி நேரம் அங்கேயே இருப்பார்கள். விமானங்கள் மேற்கு நோக்கியவை, அதனால் காலையில் முன்பக்கம் நிழலில் இருக்கும். படம் எடுப்பதற்கு மாலைதான் நல்லது. ஆனாலும் மற்ற இடங்களின் நேரத்தைக் காப்பாற்ற இதைக் காலையில் வைப்பதே சரி. சுற்றிலும் தரையோடு தரையாகத் தெரியும் கல் வரிசைகள் பரிவாரக் கோயில்களின் அடித்தளங்கள், அவற்றின் மேல் ஏறி நடக்க வேண்டாம். பக்கத்திலேயே முசுகுந்தேசுவரர் கோயிலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சொல்லப்படும் கொடும்பை இந்த ஊர்தான். இன்றைக்கும் மதுரைச் சாலை இதை ஒட்டித்தான் போகிறது.

அங்கிருந்து கிழக்கே குடுமியான்மலைக்கு 10 மணிக்குள் வந்துவிடுங்கள், நடை சாத்துவதற்குள் உள்ளே போக வேண்டும். சிகாநாதசுவாமி கோயிலின் முன்மண்டபத் தூண்களில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பத்துத் தலை இராவணன், ரதி, மன்மதன் என்று ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன. பெரும்பாலோர் இவற்றோடு திரும்பிவிடுகிறார்கள். அர்ச்சகரைக் காப்பாற்ற இறைவன் தன் தலையில் குடுமி காட்டியதாகச் சொல்லப்படும் கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் இந்த ஊரை உலகத்துக்குத் தெரியவைத்தது பின்னால் உள்ள பாறை. மேலைக்கோயில் என்ற குடைவரையை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயிலை, ஒட்டிய பாறைமுகத்தில், 7ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், 38 வரிகளில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7 பகுதிகள், பகுதிக்கு ஒரு கிராம ராகம் (பழங்கால ராக வகை): மத்தியமக்கிராமம், சட்ஜக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம். ஒவ்வொன்றிலும் சுரங்கள் நந்நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. கூர்ந்து பார்த்தால் ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு உயிரொலிகளோடு வருவது தெரியும். அந்த உயிர்மாற்றம் சுருதி நுட்பத்தைக் குறிக்கிறதா, வீணையில் விரல் இடும் முறையைக் குறிக்கிறதா என்பதில் இசையறிஞர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ‘பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது’ என்று வழிகாட்டிகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு பரம மாகேசுவர அரசன் என்றுதான் இருக்கிறது. கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி வரும்: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’. பாட்டோ வீணையோ கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் இந்த இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள். இந்தியாவில் இத்தனை பழைய சுரக்குறிப்பு கல்லில் நீளமாகக் கிடைப்பது மிக மிக அபூர்வம். உச்சி வெயிலில் எழுத்துகள் பாறையோடு பாறையாக மங்கிவிடும், சாய்வாக வெளிச்சம் விழும்போதுதான் வெட்டு தெரியும். சரியாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பதோ சாக்கட்டியால் தீட்டுவதோ கூடவே கூடாது. கிளம்பும் முன் தலையைத் தூக்கி மலைமேல் பாருங்கள்: இடபத்தின் மேல் சிவனும் உமையும் அமர்ந்திருக்க, நாயன்மார் வரிசை பாறையில் செதுக்கப்பட்டிருக்கும்.

சாப்பாட்டை அன்னவாசலில் முடித்துக்கொள்ளலாம். சைவம் மட்டும் என்றாலோ பெரிய ஓட்டல்தான் வேண்டும் என்றாலோ கட்டுச்சோறு கொண்டுவருவது உத்தமம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். மலைகளின் மேல் எதுவும் கிடைக்காது.

சித்தன்னவாசலுக்குப் பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்குப் போங்கள். காரணம் இருக்கிறது. ஓவியமுள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் மலையின் மேற்குச் சரிவில் மேற்கு பார்த்து இருக்கிறது, பிற்பகல் வெளிச்சம் மண்டபத்துக்குள் நன்றாகப் பரவும். காலையில் போனால் விதானம் (உட்கூரை) இருண்டு கிடக்கும், காவலர் காட்டும் இடத்தை நம்பித்தான் தலையாட்ட வேண்டியிருக்கும். பிளாஷ் போடக் கூடாது. உள்ளே நுழைந்ததும் கண் பழக ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

விதானத்தில் இருப்பது தாமரைக் குளம். மலர்ந்த பூ, மொட்டு, இலை, இவற்றுக்கு நடுவே மீன், வாத்து, எருமை, யானை. பூப்பறிக்கும் ஆண்கள் மூவர். சமண மரபில் தீர்த்தங்கரரின் உபதேச மண்டபத்துக்குப் போகும் வழியில் பக்தர்கள் இறங்கிப் பூக்கொய்யும் குளம் இது என்பதே பெரும்பாலோர் கொண்ட விளக்கம். தூண்களில் இரண்டு ஆடல் மகளிர். ஒரு தூணின் உட்புறத்தில் முடி அணிந்த அரசனும் அரசியும். சுண்ணச்சாந்தின் மேல் தீட்டிய நிறங்கள் சிலவே: கரியிலிருந்து கருப்பு, சுண்ணாம்பு வெள்ளை, காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், பச்சை மண், நீலம். சாந்துப்பூச்சின் மொத்தக் கனமே சில மில்லிமீட்டர்தான். தொட்ட கையின் வியர்வைகூட அதைப் பெயர்த்துவிடும் என்பதைப் பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். மிச்சம் இருப்பது பழைய அளவில் ஒரு பங்குதான். படங்களில் பார்த்த பளிச்சென்ற நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அண்ணாந்து பொறுமையாகப் பார்த்தால் கோடுகள் ஒவ்வொன்றாக எழும், முதலில் இலை விளிம்பு, பிறகு யானையின் தந்தம், பிறகு பூவேந்தும் ஒரு கை.

இதையும் நெடுங்காலம் மகேந்திரவர்மன் காலத்தது என்று எழுதிவந்தார்கள். வெளிப்பாறையில் உள்ள தமிழ்ப் பாடற்கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், அர்த்தமண்டபத்தைப் (கருவறைக்கு முன்னுள்ள மண்டபம்) புதுப்பித்து, அதற்கு முன்னால் முகமண்டபம் எடுத்ததைச் சொல்கிறது. குடைவரை அதற்கும் முந்தியது. கண்ணில் படும் ஓவியங்களைப் பாண்டியர் காலத்தவை என்று கொள்வதே பொருத்தம். இப்போது முன்னால் நிற்கும் தூண்கள் பழைய முகமண்டபத்தினுடையவை அல்ல. 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. காலையில் அங்கே தூண்களைப் பார்த்துவிட்டு வருவதால் கண்ணுக்கே ஒற்றுமை பிடிபடும். கருவறைக்குள் நின்று வாய்மூடி ‘ம்ம்’ என்று இழுத்தால் அறை முழுதும் அதிரும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஏழடிப்பட்டம் என்ற சமணக் குகை அதே மலையில், கிழக்குப் பக்கத்தில். படியேறி மலை முதுகைக் கடந்து, கம்பித் தடுப்பு போட்ட குறுகிய விளிம்பு வழியாக நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்களுக்கும் இது ஒத்துவராது, அம்மா அறிவர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளட்டும். மற்றவர்கள் அவசியம் போங்கள். பிற்பகலில் குகைப்பக்கம் நிழல் வந்துவிடும். உள்ளே வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைப்பக்கம் தலையணை போலக் கல் உயர்ந்திருக்கும். சமண முனிவர்கள் தவம் இருந்த இடம். அவற்றுள் மிகப் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது, 2000 ஆண்டுக்கும் மேல் பழையது. அதன் மேலும் பக்கத்திலும் இக்காலத்தவர் கீறிய பெயர்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். இரண்டு இடத்துக்கும் நுழைவு தனித்தனி, கட்டணம் உண்டு. செல்போன் சிக்னல் சில நேரம் கைவிடும், சில்லறையும் வைத்திருங்கள். மாலையில் பூட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது ஏறத் தொடங்கிவிட வேண்டும். சாலையோரம் வரும் வழியில் வட்டமாகக் கற்கள் கிடந்தால் அவை பெருங்கற்காலப் புதைகுழிகள்.

இரவு புதுக்கோட்டையில் தங்குங்கள். சித்தன்னவாசலிலிருந்து சுமார் 16 கி.மீ.

இரண்டாம் நாள் விடிந்ததும் நார்த்தாமலை. திருச்சிச் சாலையில் சுமார் 17 கி.மீ. ஆறரைக்கு மலையடியில் இருப்பது இலக்கு, ஒன்பதரைக்கு இறங்கிவிட வேண்டும். இங்கே குன்றுகள் பல இருக்கின்றன. நீங்கள் கேட்டுப் போக வேண்டியது மேலமலை. சும்மா ‘கோயில்’ என்று கேட்டால் ஊரார் முத்துமாரியம்மன் கோயிலைக் காட்டுவார்கள், ‘மலைமேல் விசயாலய சோழீச்சுரம்’ என்று கேளுங்கள். பங்குனித் திருவிழா நாட்களில் ஊருக்குள் வண்டி நுழையாது, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்றம் செங்குத்தாக இல்லை. சரிந்த பாறையில் அரை மணி நடை. நிழல் கிடையாது. மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், நீர் வழியும் தடத்தில் கருப்பாகப் பாசி படர்ந்திருக்கும். காய்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கிவிடும். வெளிறிய பாறையில் கால் வைத்து நடங்கள். அடி தேய்ந்த செருப்பு வேண்டாம். வழியில் உள்ள தலையருவிச் சிங்கம் என்ற சுனையில் நீருக்கு அடியில் ஒரு சிவலிங்கக் குடைவரை இருக்கிறது. நீரை இறைத்தால்தான் தெரியும், எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு விளிம்பில் இறங்க வேண்டாம்.

மேலே போனதும் முதலில் குடைவரைகளைப் பாருங்கள். அவை கிழக்குப் பக்கமாகத் திறந்திருப்பதால் காலை வெயில் உள்ளே விழும். பெரிய குடைவரையான சமணர் குடகில், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரியான 12 திருமால் உருவங்கள் ஆளுயரத்தில் பாறையோடு பாறையாக நிற்கின்றன. காலை வெயில் அவற்றின் மேல் படுவதைப் பார்ப்பதற்காகவே விடியலில் ஏறலாம். சமணக் குகையாக இருந்து பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், விண்ணகரம், அதாவது திருமால் கோயில், ஆனது. அடுத்த சிறிய குடைவரை பழியிலி ஈச்சுரம். நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் (குறுநில மன்னர் மரபினர்) குடைந்தது. முன்மண்டபத்தை எடுத்தவள் அவர் மகள் பழியிலி சிறிய நங்கை.

எதிரே நிற்பது விசயாலய சோழீச்சுரம். பெயரைப் பார்த்து விசயாலய சோழன் கட்டியது என்று பலகைகளிலும் எழுதிவிடுகிறார்கள். துவாரபாலகர் சிலைக்குக் கீழே உள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி (கற்கோயில்) மழையால் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். ஆக இது முத்தரையர் எழுப்பிய கோயில். சதுரமாக அடுக்கிக்கொண்டே போய் மேல்தளத்திலும் சிகரத்திலும் வட்டமாகும் விமானம், அதன் அடியில் வட்டமான கருவறை. காவலர் இருந்தால் கதவைத் திறந்து காட்டுவார். சுற்றிலும் பரிவாரச் சிறுகோயில்கள். தமிழகத்தின் 9ஆம் நூற்றாண்டுக் கற்றளிகளில் இதற்கு இணையாகச் சூழலோடு பொருந்தி நிற்பது வேறொன்றைச் சொல்வது கடினம். ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சித்தன்னவாசலை விட்டுவிட்டு இங்கே வரச் சொல்வதே என் தீர்ப்பு.

வெயில் ஏறியதும் நகரத்துக்குத் திரும்பித் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1910இல் சமஸ்தானம் தொடங்கியது. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வார இறுதிப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். செப்புத்திருமேனிகளும் நாணயங்களும் முக்கியம். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் அம்மன் காசைத் தேடிப் பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவுதான், ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. 1948இல் இந்தியாவோடு இணையும் வரை இது தனி சமஸ்தானம் என்பதற்குக் கைக்கடக்கமான சான்று. அருங்காட்சியகத்துக்கு அம்மாவும் வரலாம். காலையில் அவரை அறையில் ஓய்வெடுக்க விட்டு இங்கே அழைத்துப் போவது வசதி.

மூன்று மணிக்குத் திருமயம் கிளம்புங்கள், தெற்கே சுமார் 20 கி.மீ. முதலில் கோட்டை. இராமநாதபுரம் சேதுபதி காலத்தில், 1687இல் கட்டியது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில் இருந்ததாம், இப்போது சிலவே மிச்சம். பாறை ஏற்றத்தின் நடுவே ஒரு சிறிய குடைவரைச் சிவலிங்கம், உச்சியில் பீரங்கி மேடை. அங்கிருந்து சுற்றுவட்டாரம் முழுதும் தெரியும். ஐந்து மணிக்கு இறங்கினால் கீழே இரண்டு குடைவரைக் கோயில்களும் திறந்திருக்கும்: சத்தியகிரீசுவரர், பக்கத்திலேயே சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடிய திருமெய்யம். பாறையில் பள்ளிகொண்ட பெருமாளின் உருவம் மிகப் பெரியது. அவருக்குப் பின்னால் சுவரில், மது, கைடபர் என்ற அசுரர்கள் மேல் ஆதிசேடன் நஞ்சு கக்கும் காட்சி இருக்கிறது. தீபம் காட்டும்போது அதையும் கவனியுங்கள். இந்த இரண்டு கோயில்களுக்கும் நெடுநாள் நடந்த வழக்கை 1245இல் ஒய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் தீர்த்துவைத்ததைச் சொல்லும் கல்வெட்டும் இங்கே உண்டு. பெருமாள் கோயிலுக்கு ஏறுவது சில படிகள்தான், அம்மா வரலாம். கோட்டைக்கு ஏற வேண்டாம்.

விட்டுவிடக்கூடியவை: விராலிமலை முருகன் கோயில், இருநூற்றுக்கு மேற்பட்ட படிகள், மயில்கள் நிறைய, முதல் நாள் காலை சீக்கிரம் கிளம்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொற்பனைக்கோட்டை அகழாய்வுச் செய்தி படித்துவிட்டுப் போகிறவர்கள் மண்மேட்டையும் அகழியின் தடத்தையும் தவிர அதிகம் காண முடியாமல் ஏமாறுவார்கள். ஆர்வம் ஆழமாக இருந்தால் மட்டும் போங்கள்.

மூன்றாவது நாள் கிடைத்தால் யோசிக்காமல் ஆவுடையார்கோயில். அறந்தாங்கி வழியாகச் சுமார் 50 கி.மீ. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடையார் மட்டும்; எதிரே நந்தி இல்லை; கொடிமரம் இல்லை; அம்பாளுக்குத் திருவடி மட்டும். புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கக் கல்மேடையில் கொட்டிப் படைப்பார்கள், அந்த ஆவிதான் நைவேத்தியம். மண்டபக் கூரை விளிம்பான கொடுங்கையின் அடியில் நின்று பாருங்கள்: மரச்சட்டமும் குறுக்குக் கம்பியும் குமிழ் ஆணியும் கருங்கல்லிலேயே இழைத்திருக்கும், கல் கனம் குறைந்து தகடாக வளைந்து இறங்கும். ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதித்தான் அக்காலச் சிற்பிகள் ஒப்பந்தம் போடுவார்கள் என்பது வழக்கு. காலை 9 மணிக்குள் உள்ளே போய்விட்டால் நடை சாத்தும் வரை மூன்று மணி நேரம் கிடைக்கும், அது சரியாக இருக்கும்.

கார் இல்லாமல் வருபவர்களுக்கு: திருமயத்துக்கும் ஆவுடையார்கோயிலுக்கும் போக பேருந்தை நம்பலாம். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலைக்குப் பேருந்து குறைவு, கடைசி வண்டியை விட்டால் பிரதான சாலை வரை நடைதான். புதுக்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, போக வர, காத்திருப்புக் கூலியும் சேர்த்து மொத்தமாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். அரை மணி என்று நினைத்து வருகிற ஓட்டுநர் பாதியிலேயே ஆரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்.